ஒதுக்கப்பட்டவர்களைப் பாடும் ராக் பாடலுக்குப் பொருள் காண்பது எப்படி?

உடைந்துபோனவர்களையும் ஊர் ஒதுக்கியவர்களையும் பற்றிய ராக் பாடலைக் கேட்டதும், "பாவம், சோகப் பாட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். பாடுகிறவர் அந்த மனிதர்களைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாரா, இல்லை அவர்கள் பக்கத்தில் நிற்கிறாரா? இதைக் கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1972-ல் வெளியிட்ட 'வாக் ஆன் த வைல்ட் சைட்' பாடலை வைத்துப் பழகிப் பார்ப்போம். நாலு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான பாட்டு.

படி 1: வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள்

முதல் தடவை குரலை மட்டும் கவனியுங்கள். லூ ரீட் இதில் பாடுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். எங்கேயும் குரலை உயர்த்தவில்லை, தழுதழுக்கவும் இல்லை. இதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: யார், என்ன செய்கிறார்?

இப்போது வரிகளை எடுங்கள். ஐந்து பத்திகள், பத்திக்கு ஒருவர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்கிற காரியங்களை மட்டும் எழுதுங்கள். "பாவப்பட்ட", "வழிதவறிய" போன்ற நம் சொந்தச் சொற்கள் அந்தத் தாளில் வரக்கூடாது.

முதலில் வரும் ஹாலியைப் பார்ப்போம். மயாமியிலிருந்து கிளம்புகிறார். வழியில் போகிற வண்டிகளில் லிஃப்ட் கேட்டே அமெரிக்காவைக் கடக்கிறார். போகிற வழியில் புருவத்தைத் திருத்துகிறார், காலை மழித்துக்கொள்கிறார். 'அவன்' 'அவள்' ஆகிவிடுகிறது. அவ்வளவுதான். ஏன் வீட்டை விட்டுப் போனார், யார் துரத்தினார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஊர் அவரை என்ன செய்தது என்பதைச் சொல்லாமல், அவர் தன்னை என்னவாக ஆக்கிக்கொண்டார் என்பதை மட்டும் பாட்டு சொல்கிறது. எழுதிய வினைச்சொற்களைப் பாருங்கள், எல்லாமே ஹாலியின் கையால் நடப்பவை. இந்த ஒரு பத்தி பிடிபட்டால் மற்ற நாலும் தானாகப் பிடிபடும்.

படி 3: இசை என்ன சொல்கிறது?

வரிகளில் போதைப்பொருள் இருக்கிறது, உடலை விற்பது இருக்கிறது. இசையில் அந்தக் கரடுமுரடு துளிகூட இல்லை. இசைக்கலைஞர் ஹெர்பி ஃப்ளவர்ஸ் முதலில் தாழ்ந்த சுரம் தரும் பெரிய தந்திக் கருவியான டபுள் பேஸில் வாசித்து, அதன்மேல் எலக்ட்ரிக் பேஸில் இன்னொரு வரிசையைச் சேர்த்தார். அந்த இரண்டும் வழுக்கிக்கொண்டு நகர்வதை ஹெட்போனில் கேளுங்கள். டிரம்ஸிலும் குச்சியடி இல்லை, பிரஷ் வருடல்தான். கடைசியில் ரோனி ராஸின் சாக்ஸபோன். வெளியே கிடைக்காத ஆறுதலை இந்த மனிதர்களுக்கு இசை தருகிறது என்பது என் வாசிப்பு. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம், ஆனால் எந்த ஒலியால் அப்படித் தோன்றியது என்று காட்ட வேண்டும்.

படி 4: பின்னணியைக் கடைசியில் தேடுங்கள்

முதலிலேயே தேடிவிட்டால் பாட்டு வெறும் தகவலாகிவிடும். இந்த ஐவரும் நியூயார்க்கில் ஓவியரும் திரைப்பட இயக்குநருமான ஆண்டி வார்ஹாலின் வட்டத்தைச் சேர்ந்த நிஜ மனிதர்கள். ஹாலி வுட்லானும் கேண்டி டார்லிங்கும் திரையில் நடித்த திருநங்கைகள். ஒருபாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததே 1973 டிசம்பரில்தான். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு திருநங்கையைப் பெயர் சொல்லி, வானொலியில் ஒலித்த ஒரு பாட்டில் பதற்றமே இல்லாமல் பாடியிருக்கிறார் லூ ரீட். அந்த அடங்கிய குரலுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது இப்போது புரியும்.

பாட்டில் உறுத்துகிற இடத்தையும் விடாதீர்கள். கோரஸ் பாடும் பெண்களைக் கறுப்பினத்தவர் என்று குறிக்க லூ ரீட் பயன்படுத்தும் சொல் இன்று அவமதிப்பாகவே ஒலிக்கிறது. அங்கே உண்மையில் பாடிய மூவரும் வெள்ளையர்கள். ஐந்து பேருக்குப் பெயரும் கதையும் கொடுத்த பாட்டு, இவர்களை நிறத்தால் மட்டும் அழைப்பது எனக்கு வருத்தம்தான்.

படி 5: எழுதுங்கள்

சரி, இப்போது ஐந்தாறு வாக்கியங்களில் உங்கள் வாசிப்பை எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அதற்கு ஆதாரமான வரியையோ ஒலியையோ நிமிடக் கணக்கோடு குறியுங்கள். ஆதாரம் கிடைக்காத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அப்புறம் ஹாலியை விட்டுவிட்டு, மற்ற நால்வரில் ஒருவரை எடுத்து இரண்டாம் படியிலிருந்து தனியாகச் செய்து பாருங்கள்.