சியரா மலையில் முகாமும் டிரவுட் மீனும்: முதல்முறை போகிறவர்களுக்கு

டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சுறுசுறுப்பாக இரை தேடும். 20ஐத் தாண்டினால் திணறும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் திட்டம் தானாக அமைந்துவிடும். எவ்வளவு உயரத்துக்குப் போவது, எந்த நேரத்தில் தூண்டில் போடுவது, இரவு எதைப் போர்த்திக்கொள்வது, சோறு ஏன் வேகவில்லை என்பதெல்லாம் அந்தக் குளிரைப் பொறுத்ததுதான்.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். முதல் பயணத்துக்கு நான் சொல்லும் இடம் கிழக்கு சியராவில் உள்ள ராக் கிரீக். ஏரி சுமார் 9,700 அடி உயரத்தில் இருக்கிறது. கீழே பிஷப் ஊர் வெயிலில் வறுபடும்போதும் இங்கே தண்ணீர் சில்லென்றிருக்கும். மீன்வளத் துறை வளர்ப்பு ரெயின்போ டிரவுட்டை இங்கே கொண்டுவந்து விடுவதால், கற்றுக்குட்டிக்கும் மீன் மாட்ட வாய்ப்பு உண்டு.

1. ஜனவரியிலேயே இடம் பிடியுங்கள்

ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பெரும்பாலான முகாம் இடங்கள் ஆறு மாதத்துக்கு முன், காலை 7 மணிக்குத் திறக்கும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய கை நமக்கு. 6:55க்கே உள்நுழைந்து தயாராக இருங்கள். ஏரியருகே இடம் கிடைக்காவிட்டால் கொஞ்சம் கீழே, சுமார் 9,000 அடியில் ஈஸ்ட் ஃபோர்க் முகாம் இருக்கிறது. அது பெரியது, பக்கத்திலேயே ஓடை. அங்கும் இல்லையென்றால் வார நாட்களைப் பாருங்கள். யாராவது ரத்து செய்த இடம் கடைசி நேரத்தில் திரும்ப வருவதும் உண்டு.

தேதி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். யோசெமிட்டி வழியாகப் போகும் டயோகா கணவாய் 9,943 அடி. குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். வழக்கமாக மே கடைசியிலோ ஜூனிலோ திறப்பார்கள். பனி கொட்டித் தீர்த்த 2023இல் ஜூலை 22 அன்றுதான் திறந்தார்கள். அதனால் ஜூலைக் கடைசி வாரம் அல்லது ஆகஸ்ட்டுக்குப் பதிவு செய்வது நல்லது. கொசுவும் அதற்குள் குறைந்திருக்கும். ஏரிக்கு மேலே நடைபாதை தொடங்கும் இடத்தின் பெயரே மொஸ்கிட்டோ ஃபிளாட், பார்த்துக்கொள்ளுங்கள்.

2. உரிமம்

16 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும். இணையத்திலேயே வாங்கலாம், ஒரு நாள், இரண்டு நாள் உரிமங்களும் உண்டு. “நான் சும்மா தூண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்” என்ற சமாதானம் செல்லாது. பெரும்பாலான ஏரிகளில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 டிரவுட்தான். ஆனால் நீர்நிலைக்கு நீர்நிலை விதி மாறும். போகும் ஏரியின் பெயரைத் தேடிப் படித்துவிடுங்கள்.

3. தூங்குவதற்கான ஏற்பாடு

முதல் பயணத்தில் நாங்கள் செய்த தவறு இது. ஆகஸ்ட்தானே என்று வீட்டுக் கம்பளிகளை அள்ளிப்போட்டுக்கொண்டு போனோம். நள்ளிரவில் நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிட்டது. மேலே மூன்று கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை, ஏனென்றால் குளிர் தரையிலிருந்து ஏறியது. விடியும்வரை காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆகவே கூடாரத்தைவிட முக்கியம் கீழே விரிக்கும் மெத்தை. தூக்கப்பையில் 20 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் மைனஸ் 7 செல்சியஸ், என்று போட்டதை வாங்குங்கள். அந்த எண் சுகமாகத் தூங்கும் அளவல்ல, தாங்கக்கூடிய எல்லை. அதனால்தான் இவ்வளவு தள்ளி வாங்கச் சொல்கிறேன். முதல் நாள் லேசாகத் தலை வலிக்கலாம். உயரம் செய்யும் வேலை அது. தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு, அன்று மலையேற்றம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் சும்மா இருங்கள்.

4. தூண்டில் கட்டுவது

ஆறடி, ஆறரையடி நீளத்தில் மெல்லிய கோல், அதற்கேற்ற சுழல் ரீல், 4 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு. ஊரில் தங்கூசி என்போமே, அதுதான். தடித்த நரம்பு தெளிந்த தண்ணீரில் மீன் கண்ணுக்குப் பட்டுவிடும்.

கட்டும் வரிசை இது: நரம்பில் முதலில் ஓட்டையுள்ள ஈயக்குண்டைக் கோத்துவிடுங்கள். அது நழுவி ஓடவேண்டும், இறுக்காதீர்கள். அப்புறம் நுனியில் ஒரு சிறிய சுழல்வளையம். வளையத்தின் மறுபக்கம் ஒன்றரை, இரண்டடி நரம்பு. அதன் முனையில் சின்ன முள். முள் மறையும் அளவுக்குப் பவர்பெய்ட் என்ற செயற்கை இரைப் பசையை உருட்டி ஒட்டுங்கள். பட்டாணி அளவு போதும், லட்டு வேண்டாம்.

இதன் சூட்சுமம் என்னவென்றால், குண்டு அடியில் கிடக்கும். பசை மிதக்கும் தன்மையுள்ளது, அதனால் முள்ளைத் தூக்கிக்கொண்டு தரைக்கு மேலே ஒன்றரையடியில் நிற்கும். மீன் கடித்து இழுத்தால் நரம்பு குண்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகும், கனம் தெரியாது. தெரிந்தால் துப்பிவிடும்.

முடிச்சுக்கு நரம்பை வளையத்துக்குள் விட்டு, தன்மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றி, வளையத்தருகே உள்ள சிறு இடைவெளியில் நுனியை நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். ஈரமில்லாமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலவீனமாகிவிடும். வீட்டில் தொலைக்காட்சி பார்த்தபடி இருபது தடவை கட்டிப் பழகுங்கள். விரல் மரத்த அதிகாலையில் கற்றுக்கொள்ள முடியாது.

5. எப்போது, எப்படி

பொழுது புலர்ந்து முதல் இரண்டு மணி நேரம், மாலையில் கடைசி இரண்டு மணி நேரம். நடுப்பகலில் மீன் ஆழத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில் நீங்களும் தூங்குங்கள். பிற்பகலில் காற்றும், சில நாள் இடியும் வரும். இடி கேட்டால் கோலைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள். கிராஃபைட் கோல் மின்சாரம் கடத்தும்.

ஓடை ஏரியில் வந்து விழும் இடத்தைத் தேடுங்கள். குளிர்ந்த தண்ணீரோடு பூச்சியும் வரும், மீன் அங்கே காத்திருக்கும். வீசி, தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்து, நுனியைக் கவனியுங்கள். இரண்டு தடவை வெட்டினால் மெல்லத் தூக்குங்கள். பிடுங்க வேண்டாம், வாய் கிழிந்துவிடும்.

பசையில் பிடித்த மீன் பெரும்பாலும் முள்ளை விழுங்கியிருக்கும். விட்டாலும் பிழைப்பது சந்தேகம். எனவே அதை உங்கள் எண்ணிக்கையில் வைத்துக்கொள்வதே சரி. விடத்தான் போகிறீர்கள் என்றால் பசை வேண்டாம், சுழலும் தகடுள்ள போலி இரையான ஸ்பின்னரை, ஒற்றை முள்ளோடு போடுங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள்.

6. சமையல், கரடி

வைத்துக்கொள்ளும் மீனைத் தலையில் ஒரு தட்டுத் தட்டி உடனே பனிக்கட்டியில் வையுங்கள். செதில் உரசும் வேலை இல்லை, அவ்வளவு பொடி. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்புக் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் வழித்துவிடுங்கள். அதை விட்டால் கசக்கும். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை. இரும்புக் கல்லில் பக்கத்துக்கு நான்கு நிமிடம். வஞ்சிரத்தின் கெட்டித்தன்மையை எதிர்பார்க்காதீர்கள், இது மிருதுவான சதை. வெந்ததும் நடுமுள் முழுசாகக் கையோடு வந்துவிடும்.

சோற்றுக்குக் குக்கரைக் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி அரைவேக்காடாகவே நிற்கும். எங்கள் குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது பக்கத்துக் கூடாரத்துக்காரர் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்தார். அவருக்கும் ஒரு மீன் போயிற்று.

குடலைத் தண்ணீரில் வீசாமல் கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டியில் போடுங்கள். முகாமில் தரும் இரும்புப் பெட்டிக்குள் உணவு, ஐஸ் பெட்டி, பற்பசை, சன்ஸ்கிரீன், மீன் வாடை அடிக்கும் துண்டு எல்லாவற்றையும் வையுங்கள். கழுவிய கல்லையும் சேர்த்து. காரில் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட விடாதீர்கள், கதவைப் பிய்த்துவிடும். பெட்டியின் தாழ் சரியாக விழுந்ததா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, அலாரத்தை 5 மணிக்கு வைத்துப் படுங்கள்.