மடிக்கணினி பேட்டரி: முதலில் அளந்து பார்ப்போம், பிறகு மிச்சம் பிடிப்போம்

மடிக்கணினி பேட்டரியைப் பற்றிய பேச்சில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஒருமுறை ஏற்றிய சார்ஜ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது ஒன்று. அந்த பேட்டரி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பது மற்றொன்று. முன்னதற்கு மின்செலவைக் குறைக்க வேண்டும், பின்னதற்குச் சார்ஜ் ஏற்றும் பழக்கத்தை மாற்ற வேண்டும். விண்டோஸ் 11 இயங்கும் மடிக்கணினியில் இரண்டையும் எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: பேட்டரியின் நிலையை அறிதல்

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கெனத் தனிச் செயலி எதையும் தரவிறக்கத் தேவையில்லை. ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறக்கவும். அங்கே ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு (/) இட்டு, அதையொட்டி பேட்டரி, ரிப்போர்ட் ஆகிய இரு சொற்களையும் இடைவெளியின்றிச் சேர்த்துத் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்தவும். அறிக்கை எந்தக் கோப்புறையில் சேமிக்கப்பட்டது என்பது உடனே திரையில் தெரியும்; அந்தக் கோப்பை உலாவியில் திறந்து படிக்கலாம்.

அறிக்கையில் இரண்டு எண்களே முக்கியம். டிசைன் கெப்பாசிட்டி என்பது பேட்டரி புதிதாக இருந்தபோது அதற்கிருந்த கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இப்போது அதில் நிரம்பக்கூடிய அளவு. இரண்டும் மில்லிவாட்-மணிக் கணக்கில் இருக்கும்; 1,000 மில்லிவாட்-மணி ஒரு வாட்-மணி, அதாவது ஒரு வாட் இழுக்கும் கருவி ஒரு மணி நேரம் ஓடத் தேவையான அளவு. முதல் எண் 50,000 என்றும் இரண்டாவது 38,000 என்றும் இருந்தால், பேட்டரியில் 76 சதவீதக் கொள்ளளவு எஞ்சியிருக்கிறது என்று பொருள். கணினி சராசரியாக 10 வாட் இழுத்தால், புதிதில் 5 மணி நேரம் ஓடியது இப்போது 4 மணி நேரத்தைக்கூட எட்டாது. ஆனால் அந்த 10 வாட்டை 7 வாட்டாகக் குறைத்துவிட்டால், அதே தேய்ந்த பேட்டரி ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் வரும். அடுத்த படிகள் அனைத்தும் அந்த 3 வாட்டைத் தேடித்தான்.

படி 2: மின்சாரத்தை உறிஞ்சும் செயலியைக் கண்டுபிடித்தல்

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர் அண்ட் பேட்டரி, அதற்குள் பேட்டரி யூசேஜ் என்று செல்லவும். கடந்த 24 மணி நேரத்திலோ 7 நாட்களிலோ எந்தச் செயலி எவ்வளவு செலவழித்தது, அதில் பின்னணியில் ஓடியபோது போனது எவ்வளவு என்ற விவரம் அங்கே கிடைக்கும். பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் உலாவிதான் இருக்கும். திறந்தே கிடக்கும் தாவல்களை மூடுவதும், பயன்படுத்தாத தாவல்களை உறங்க வைக்கும் வசதியை உலாவியின் அமைப்புகளில் இயக்கி வைப்பதும் நல்ல பலன் தரும்.

படி 3: திரை

எழுதுவது, படிப்பது போன்ற எளிய வேலைகளின்போது அதிக மின்சாரம் எடுத்துக்கொள்வது திரையே. ஆகவே கண்ணுக்கு உறுத்தாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைக்கவும். திரைக் காட்சி நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள்; உங்கள் திரை 120 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ கொண்டதானால், டிஸ்பிளே பகுதியில் அட்வான்ஸ்டு டிஸ்பிளேக்குள் சென்று 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றலாம். டார்க் மோடு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று பரவலாகச் சொல்லப்படுவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளுக்குத்தான் பொருந்தும். எல்சிடி திரையில் கறுப்பு நிறத்துக்குப் பின்னாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

படி 4: பவர் மோடு

முன்னர் சென்ற பவர் அண்ட் பேட்டரி பக்கத்திலேயே, பேட்டரியில் ஓடும்போது பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி என்ற முறையைத் தேர்ந்தெடுக்கவும். காணொளித் தொகுப்பு போன்ற கனமான வேலைகளில் மட்டுமே வேகக் குறைவு தெரியும்.

படி 5: மூடி வைக்கும்போது

மடிக்கணினியை மூடினால் அது பொதுவாக ஸ்லீப் நிலைக்குப் போகும். அப்போதும் நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அண்மைக்கால மாடல்கள் பலவற்றில் அந்த நிலையிலும் கணினி இடையிடையே விழித்துக்கொள்வதால், பைக்குள் வைத்த மடிக்கணினியை எடுக்கும்போது அது சூடாகவும் சார்ஜ் இறங்கியும் இருப்பதுண்டு. ஹைபர்னேட் நிலையிலோ, திறந்திருக்கும் வேலை அனைத்தும் வட்டில் எழுதப்பட்டு கணினி ஏறக்குறைய அணைந்துவிடும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸைத் திறந்து, மூடியை மூடினால் நடக்க வேண்டியதைத் தேர்வு செய்யும் இணைப்பைச் சொடுக்கி, ஆன் பேட்டரி என்ற நெடுவரிசையில் ஹைபர்னேட்டை வைக்கவும்.

படி 6: சார்ஜ் ஏற்றும் பழக்கம்

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. லித்தியம்-அயான் பேட்டரியை விரைவாக மூப்படையச் செய்பவை வெப்பமும், 100 சதவீதத்திலேயே நெடுநேரம் நிற்பதும். நாள் முழுவதும் சார்ஜரில் செருகியே வேலை செய்பவர்கள் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்துவது நல்லது. ஏசூஸில் மைஏசூஸ், லெனோவோவில் வேன்டேஜ் ஆகிய செயலிகளில் இவ்வகை வசதி உண்டு; டெல், எச்பி மாடல்கள் பலவற்றில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கத் தொடங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பிலேயே இருக்கும். வெளியூர் செல்லும் நாளில் மட்டும் வரம்பை நீக்கி முழுதாக ஏற்றிக்கொள்ளலாம். சார்ஜை முற்றிலும் இறக்கிவிட்டுத்தான் மீண்டும் ஏற்ற வேண்டும் என்பது நிக்கல்-கேட்மியம் பேட்டரிக் காலத்து வழக்கம்; இன்றைய பேட்டரிக்கு அது தேவையற்றது மட்டுமல்ல, கெடுதலும்கூட. கணினியை மெத்தையிலோ தலையணையிலோ வைத்தால் அடிப்புறக் காற்றுத் துளைகள் அடைபட்டு வெப்பம் கூடும். பல வாரங்கள் பயன்படுத்தாமல் வைப்பதானால், பாதியளவு சார்ஜுடன் அணைத்து வைக்கவும்.

டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிப்பலகை புடைத்து மேசையில் கணினி சமமாக அமராமல் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அந்நிலையில் மேற்சொன்ன எந்த அமைப்பும் உதவாது. சார்ஜரைக் கழற்றிக் கணினியை அணைத்துவிட்டு, அழுத்தாமல், துளைக்காமல், தாமே பிரிக்க முயலாமல் சர்வீஸ் சென்டரில் கொடுத்து பேட்டரியை மாற்றிவிட வேண்டும்.