கருவாட்டு வாடியில் ஒரு பீகிள்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில், மீன் காயப்போடும் கருவாட்டு வாடி வைத்திருப்பவனிடம் பீகிள் நாயை யாராவது கொடுப்பார்களா? என் மனைவியின் தம்பி கொடுத்தான். "ரெண்டு மாசம் வச்சிருங்க மச்சான்" என்று மதுரையிலிருந்து கொண்டுவந்து விட்டான். மூன்று வருஷமாகிறது. வளர்க்க நினைப்பவர்களுக்கு என் பாடு உதவட்டும்.

நம் பக்கத்து வேட்டைநாய்களான சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டுபவை. பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கு வளர்த்த இனம். முயல் கண்ணில் படாவிட்டாலும் போன தடத்தை மோந்தே கண்டுபிடிக்கும். 1984-ல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டியில் பழமும் இறைச்சியும் இருக்கிறதா என்று மோந்து பார்க்க இதைத்தான் வைத்தார்கள்.

இது தெரியாமல், வந்த மறுநாளே நாயை அவிழ்த்துவிட்டேன், மணி என்று பெயர். மூக்கு மண்ணில் பட்டதும் கிளம்பிவிட்டது. தொண்டை கிழியக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, சீமைக்கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ காயப்போட்ட சாளைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. அந்தக் கருவாட்டுக்கும் காசு கொடுத்தேன். திமிர் இல்லை அது. வாடை பிடித்துவிட்டால் காது அடைத்துவிடும். அதனால் வெளியே எப்போதும் கயிறு வேண்டும். வள்ளத்துக்கு வாங்கிய நைலான் கயிற்றில் 30 அடி வெட்டிக்கொண்டேன். கழுத்தில் கட்டாமல் நெஞ்சுப்பட்டையில் கட்டுங்கள், திடீரென்று இழுக்கும்.

மணல் சுடுமுன் கரைக்குக் கூட்டிப்போங்கள். தூரம் முக்கியமில்லை, மோக்க விடுங்கள். ஈர வலைக்குவியல் ஒன்று போதும்: மூக்குத்துளை துடிக்க, வெள்ளை வால் நுனி விறைக்க, முடிச்சு முடிச்சாகப் பத்து நிமிஷம் படிக்கும். மழைநாளில் மூன்று கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் உப்பில்லாமல் அவித்த நெத்திலியை வையுங்கள். கருவாடு வேண்டாம், அந்த உப்பு நாய்க்கு ஆகாது. கரையில் ஒதுங்கும் பேத்தை மீனை வாயில் வைக்கவே விடாதீர்கள். விஷம், உயிர் போய்விடும்.

மோக்க எதுவும் இல்லாமல் கட்டிப்போட்டால் ஊளையிடும். நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்று பக்கத்து வீட்டு அப்பத்தா மண்ணை வாரி எறியாத குறை. காலை நடை ஒழுங்கான பிறகு பெரும்பாலும் ஓய்ந்தது. முழுசாக நிற்காது, சொல்லிவிட்டேன்.

தொங்கு காதுக்குள் காற்றுப் புகாது. கடலில் இறங்கினால் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, மடலைத் தூக்கி உலரத் துடையுங்கள். நாறினால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். அப்படியே உண்ணியும் பாருங்கள்.

சோறுதான் பெரிய சண்டை. எவ்வளவு வைத்தாலும் பட்டினி கிடந்த மாதிரி பார்க்கும், நம்பாதீர்கள். பீகிளுக்கு 9 முதல் 11 கிலோ போதும், மணி ஒரு தீபாவளிக்கு 14 வந்துவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் வாடித் தராசில் ஏற்றுகிறேன். ஏற்றுவது சுலபம். தட்டில் மீன்வாடை இருக்கிறதே, இறக்குவதற்குத்தான் இரண்டு ஆள் வேண்டும்.