பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்

நான் முதன்முதலில் மாட்டிய புத்தக அலமாரி பதினோரு நாள் சுவரில் இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது குமிழி அசையாமல் நடுவில் நின்றது, திருகும் நன்றாகவே இறுகியது. பன்னிரண்டாம் நாள் காலையில் புத்தகங்கள் எல்லாம் தரையில் கிடந்தன. திருகுகள், அவற்றைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகிய பிளாஸ்டிக் பிளக், கூடவே உள்ளங்கை அளவு சிமென்ட் பூச்சு என எல்லாம் ஒன்றாகப் பெயர்ந்து வந்திருந்தன. ஓட்டையின் ஆழத்தை அளந்தேன்: 2 சென்டிமீட்டர். அதில் ஒன்றரை சென்டிமீட்டர் மேற்பூச்சு. அரை சென்டிமீட்டர் செங்கல்லை நம்பித்தான் அவ்வளவு புத்தகங்களையும் அடுக்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகளைக் கெடுத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தால், கைத்திறன் போதாமல் கெட்டவை குறைவு. பூச்சுக்குப் பின்னால், தொட்டிக்கு அடியில், பெயின்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இறங்கிக் கெட்டவைதான் அதிகம்.

சுவரில் ஓட்டை போடும்போது வெளியே வரும் தூளைக் கவனியுங்கள். பூச்சு சாம்பல் நிறத்தில் வரும், செங்கல்லை எட்டியதும் சிவப்பாக மாறும். பிளக்கின் நீளத்தை அந்தச் சிவப்பு தொடங்கும் இடத்திலிருந்து கணக்குப் போட வேண்டும். டிரில்லில் மாட்டும் பிட்டில் தேவையான ஆழத்தில் ஒரு துண்டு டேப்பைச் சுற்றிக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்று தடுமாற வேண்டாம். ஓட்டைக்குள் தங்கும் தூளை ஊதி எடுக்காமல் பிளக்கைத் திணிப்பதும் ஒரு தவறுதான். சுவரைப் பிடிக்க வேண்டிய பிளக் தூளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே வெற்றிடம் உள்ள கற்களால் கட்டிய சுவர் என்றால் சாதாரண பிளக் நிற்காது, அதற்கென்றே விரியும் வகை இருக்கிறது. டைல்ஸில் போடுவதாக இருந்தால் டைல்ஸைத் தாண்டும்வரை டிரில்லின் ஹேமர் முறையை, அதாவது இடித்துக்கொண்டே துளைப்பதை, அணைத்து வையுங்கள்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் பக்கவாட்டில் அதே மட்டத்திலும் ஓட்டை போடாதீர்கள். சுவருக்குள் வயர் பெரும்பாலும் அந்த நேர்க்கோடுகளில்தான் போகும். குழாய்க்கும் இதே கணக்குதான்.

சரி, பெயின்டுக்கு வருவோம். சுவர் உப்பி, தோல் உரிவது போலப் பெயின்ட் உரிந்தால் பலரும் செய்வது ஒன்றே: சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பெயின்ட் அடிப்பது. அடுத்த மழைக்கே அதே இடம் மறுபடி உப்பும். பெயின்டை மாற்றிப் பயனில்லை, தண்ணீர் பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அது சுவரில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, மேற்பரப்பில் ஆவியாகும்போது உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. வெள்ளையாகப் பூத்திருக்கும் அந்தத் தூள் இந்த உப்புதான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அரை மீட்டர் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. முதலாவதற்குக் கசிவை அடைக்க வேண்டும், இரண்டாவதற்குக் காற்றோட்டம் வேண்டும். இரண்டுக்கும் பெயின்ட் மருந்தல்ல. புதுப் பூச்சாக இருந்தால் நான்கு வாரமாவது காயவிட்டு அடியுங்கள். பழைய வீட்டில் அடுக்கடுக்காகப் பெயின்ட் இருந்தால், அடியில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்கக் கூடாது. அந்தத் தூள் குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல்.

சிமென்ட் வேலையில் ஒரு தவறான நம்பிக்கை இன்னும் போகவில்லை. கலவை காய்ந்து கெட்டியாகிறது என்று நினைக்கிறோம். சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. வினை முடிவதற்குள் தண்ணீர் ஆவியாகிப் போனால் வினை பாதியில் நின்று, மேற்பரப்பு விரலால் தேய்த்தாலே தூளாக உதிரும். அதனால்தான் ஒரு வாரமாவது சாக்கை நனைத்துப் போட்டு ஈரமாக வைத்திருக்கிறார்கள். அதற்காகக் கலக்கும்போதே தாராளமாக ஊற்றிவிடலாம் என்று நினைத்தால் அது வேறு தவறு. வினைக்குத் தேவையானதற்கு மேல் உள்ள தண்ணீர் பின்னால் வெளியேறி, இருந்த இடத்தைத் துளையாக விட்டுப் போகும். சட்டியில் இறுகத் தொடங்கிவிட்ட கலவையில் தண்ணீர் தெளித்து மறுபடி கிளறுவதைக் கொத்தனார்களே சில நேரம் செய்கிறார்கள். இளகுவது போல இருக்கும், பலம் போயிருக்கும். கை கொள்ளும் அளவு மட்டும் கலந்துகொள்வது நல்லது.

வேலை முடிந்து டைல்ஸில் ஒட்டிய சிமென்ட் கறையை ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரோ பிளீச்சோ இருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

குழாய் வேலையில் இரண்டு விஷயம் சொன்னால் போதும். மெயின் வால்வு எங்கே இருக்கிறது, அது உண்மையில் மூடுகிறதா என்று முதலில் பாருங்கள். பல ஆண்டு தொடாத வால்வு கையோடு வந்துவிடலாம். இணைப்பில் கசியாமலிருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை, மரையின் முனை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்துக் கடிகாரச் சுற்றில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முடுக்க முடுக்க டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

மின்சாரத்தில் சுவிட்சை அணைத்தால் போதும் என்பதுதான் பெரிய தவறு. சுவிட்சைத் தப்பாக நியூட்ரல் வயரில் இணைத்திருந்தால், அணைத்த பிறகும் விளக்கு ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். மெயின் போர்டில் அந்த இணைப்புக்கு உரிய தடுப்பு சுவிட்சை, அதாவது எம்சிபியை, இறக்குங்கள். அப்புறம் டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கிற ஒரு இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். பழுதான டெஸ்டர் எல்லா இடத்திலும் மின்சாரம் இல்லை என்றே காட்டும். பல்ப் மாற்றுவதைத் தாண்டிய வேலை என்றால் நான் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுகிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

தோட்டத்திலும் இதே கதைதான். தண்ணீர் தேங்காமல் இருக்கட்டும் என்று தொட்டியின் அடியில் சரளைக்கல் போடுவதை நானும் பல வருடம் செய்தேன். அதனால் தண்ணீர் அதிகம் தேங்கும். நம்பிக்கை வராவிட்டால் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை எடுத்து முழுக்க நனைத்து, படுக்கை வாட்டில் கையில் பிடியுங்கள். சிறிது சொட்டிவிட்டு நின்றுவிடும். இப்போது அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். ஸ்பாஞ்ச் உயரமாக இருந்தால் தண்ணீர் இறங்குகிறது, தட்டையாக இருந்தால் பிடித்து வைத்துக்கொள்கிறது. மண்ணும் அப்படியே. பொடியான மண்ணிலிருந்து கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. கல் போட்டால் மண்ணின் உயரம் குறைந்து, சொதசொதப்பான பகுதி வேருக்குப் பக்கத்தில் ஏறிவிடும். அடியில் ஓட்டை இருக்கட்டும், மேல்வரை ஒரே மண்கலவை இருக்கட்டும்.

மரக்கன்றை ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று தோன்றும். தண்டு வேராக விரியும் இடம் மண்மட்டத்தில் தெரிய வேண்டும், அது புதைந்தால் பட்டை அழுகும். வீட்டுச் சுவரை ஒட்டிப் பாத்தி கட்டுவதாக இருந்தால், பாத்தி மண்ணின் மட்டம், தரையின் ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவரின் அடியில் வைக்கும் ஈரத்தடுப்பு அடுக்குக்கு 15 சென்டிமீட்டராவது கீழே நிற்க வேண்டும். மேலே போனால் மண்ணின் ஈரம் அந்த அடுக்கைத் தாண்டிச் சுவரில் ஏறும், உள்ளே இருப்பவர் பெயின்டைத் திட்டுவார். நடைபாதைக் கல் பதித்தாலும் மீட்டருக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் சரிவு வீட்டை விட்டு விலகிப் போகும்படி இருக்க வேண்டும்.

மாடியில் தோட்டம் போடுகிறவர்கள் எடையைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு பாத்தி என்றால் 300 லிட்டர் மண். அது நன்றாக நனைந்தால் கிட்டத்தட்ட அரை டன். அப்படி நான்கு பாத்தி போட்டால், நல்ல மழை நாளில் தலைக்கு மேல் இரண்டு டன் நிற்கும். மண் மூட்டையை மேலே ஏற்றுவதற்கு முன் தளம் எவ்வளவு தாங்கும் என்று ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள். பாத்திகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே உத்திரமோ சுமை தாங்கும் சுவரோ எங்கே ஓடுகிறது என்று அவரிடமே கேட்டு, அதற்கு மேல் வரிசையாக வையுங்கள்.