ஒரு ஜோடி ஷூவுக்கு ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவு பாலிஷ் போதும்

லெதர் ஷூவை நன்றாக வைத்துக்கொள்ள நினைப்பவர்கள்தான் அதை அதிகமாகக் கெடுக்கிறார்கள், எல்லாம் பாலிஷை அப்பி அப்பித்தான். நானும் அப்படித்தான் செய்தேன். ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் வாங்கிய கறுப்பு ஷூ, கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவதால் அழுக்காகிவிடக் கூடாதே என்று காலையில் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை கெட்டியாக இன்னொரு தடவை போட்டேன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, விரல் மடங்கும் இடத்தில் வயல் வெடித்த மாதிரி வெடிப்பு வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஷூ தைக்கிற பெரியவரிடம் எடுத்துப் போனேன். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார், கறுப்பு மெழுகு சுருளாக வந்தது. "தோல் இன்னும் அடியில நல்லாத்தான் இருக்கு தம்பி, வெடிச்சதெல்லாம் பெரும்பாலும் நீங்க போட்ட பாலிஷ்" என்றார். பிறகு அவர் காட்டிய அளவைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன்: வறுத்த நிலக்கடலைப் பருப்பை உடைத்தால் இரண்டாகப் பிரியும் இல்லையா, ஒரு ஷூவுக்கு ஒரு பாதி. அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு குறைவு என்று புரிந்துவிட்டால் கை தானாக அடங்கும். டப்பாவில் வருகிற பாலிஷ் என்பது மெழுகும் சாயமும் டர்பன்டைன் மாதிரி ஒரு திரவத்தில் கரைந்திருப்பது. மெல்லிசாகத் தேய்த்தால் அந்தத் திரவம் சில நிமிஷத்தில் ஆவியாகி, தோலின் மேல் மெழுகு மட்டும் ஒரு படலமாகத் தங்கும், பிரஷ் போடும்போது உரசுகிற சூட்டில் அது இளகிச் சமமாகிப் பளபளக்கும். கெட்டியாகப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுவென்றே இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் மங்கலாகத்தான் தெரியும், ரோட்டுத் தூசியெல்லாம் அதில் ஒட்டும், பேண்ட் விளிம்பிலும் கறை படியும். தோல் மடங்கும், காய்ந்த மெழுகு மடங்காது, அதனால் உடைகிறது.

சரி, எப்படிப் போடுவது? முதலில் லேஸைக் கழற்றிவிட்டு, காய்ந்த பிரஷால் தூசியை முழுக்கத் தட்டுங்கள், ஷூ அடியோடு சேரும் தையல் ஓரத்தையும் விடாதீர்கள். நம் ஊரில் இதைத் தாண்டவே கூடாது. செம்மண் ஒரு பக்கம், கிரானைட் அறுக்கிற இடங்களின் வெள்ளைத் தூள் ஒரு பக்கம், அதன் மேலேயே பாலிஷைத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். அப்புறம் ஈரத் துணியைப் பிழிந்து ஒரு துடை, நன்றாகக் காயட்டும்.

பழைய பனியன் துணியை இரண்டு விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு பாலிஷைத் தொட்டு எடுங்கள், தோண்டக் கூடாது. அந்தப் பாதிப் பருப்பு அளவை ஒரே இடத்தில் வைக்காமல் நாலைந்து இடத்தில் தொட்டு வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். தோலின் நிறம் லேசாக மங்கி, பனி படிந்த கண்ணாடி மாதிரி தெரிந்தால் அளவு சரி, கறுப்பாகத் திட்டுத் திட்டாக நின்றால் அதிகமாகிவிட்டது, துணியின் சுத்தமான பக்கத்தால் உடனே எடுத்துவிடுங்கள். பத்து நிமிஷம் விட்டுப் பிரஷ் போடுங்கள். இன்னும் மினுமினுப்பு வேண்டுமென்றால் முதலில் எடுத்ததில் பாதியை எடுத்து இரண்டாவது பூச்சு. ஒரு தடிமனான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு எப்போதும் நன்றாக மின்னும்.

முழு ஷூவுக்கும் ஒரே அளவு வேண்டாம், இதைப் பலர் கவனிப்பதில்லை. முனையிலும் குதிகாலிலும் உள்ளே கெட்டியான அட்டை மாதிரி வைத்திருப்பதால் அவை மடங்காது, அங்கே கூடுதலாக ஒன்றிரண்டு பூச்சு தாங்கும், துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் முகம்கூடத் தெரியும். விரல் மடங்கும் இடத்தில் துணியில் மிச்சம் ஒட்டியிருப்பது மட்டும் போதும். நாக்குப் பகுதிக்கு அதுவும் எப்போதாவதுதான்.

வாரம் ஒரு முறைக்கு மேல் பாலிஷ் தேவையில்லை, மற்ற நாட்களில் வீட்டுக்கு வந்ததும் பிரஷ் மட்டும் போடுங்கள். இப்படிப் போட ஆரம்பித்த பிறகு எனக்கு ஒரு 40 கிராம் டப்பா ஒரு வருஷம் வருகிறது. மெழுகு பாலிஷ் மினுமினுப்பைத்தான் தரும், தோலுக்கு மென்மை வேண்டுமென்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஷூ கிரீம், அதுவும் அதே பாதிப் பருப்புதான். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், தோல் திட்டாகக் கறுத்துப்போகும், அதன் மேல் பாலிஷும் சரியாக நிற்காது.

ஸ்வேட் (suede) மாதிரி சொரசொரப்பான தோலுக்குப் பாலிஷே கூடாது. பிள்ளைகளின் ஸ்கூல் ஷூ நிறைய ரெக்ஸின்தான், அதில் பாலிஷ் உள்ளே இறங்காது, ஈரத் துணி போதும். மழையில் நனைந்து வந்தால் உள்ளே நியூஸ் பேப்பரைத் திணித்து நிழலில் காய வையுங்கள், வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்தால் தோல் விறைத்துவிடும். முழுக்கக் காயும்வரை டப்பாவைத் திறக்க வேண்டாம்.

ஏற்கெனவே அப்பி வைத்திருந்தால் துணியில் இரண்டு சொட்டு டர்பன்டைன் விட்டு, முதலில் உள்பக்கம் ஒரு மூலையில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, மெதுவாகத் துடைத்து எடுங்கள், பிறகு கிரீம் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். டர்பன்டைன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள். என் ஷூவை அந்தப் பெரியவர் இப்படித்தான் சுத்தம் செய்து கொடுத்தார், அதற்கப்புறம் அதை இன்னும் மூன்று வருஷம் போட்டேன்.