தோட்டத்தில் மண்டபம் கட்டுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தோட்டத்து மண்டபம் என்றதும் பலரும் தூணையும் கூரையையும் பற்றித்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் தவறு இடத்தில்தான் நடக்கிறது. பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று வாசலுக்கு நேரே, தோட்டத்தின் நடுவில் கட்டிவிடுவார்கள். நாலு பேர் கூடிப் பேச அது சரி. தனியாகப் போய் உட்கார்ந்தால், கூரியர் கொண்டுவருபவர் முதல் பக்கத்து மாடியில் துணி காயப்போடுபவர் வரை எல்லோர் கண்ணிலும் படுவோம். அப்புறம் எங்கே அமைதி? ஒரு மூலையாகத் தள்ளிக் கட்டுங்கள். ஆனால் காபி ஆறுவதற்குள் அடுப்படியிலிருந்து போய்ச் சேர்கிற தூரம் இருக்கட்டும்.

அடுத்தது வெயில். நாம் அங்கே உட்காரப் போவது பெரும்பாலும் மாலை நாலு மணிக்கு மேல். அப்போது மேற்கு வெயில் சாய்வாக உள்ளே புகும். கூரை எவ்வளவு உயரமோ, அவ்வளவு தொல்லை. நாலு பக்கமும் திறந்திருந்தால்தான் அழகு என்று பிடிவாதம் பிடிக்காமல், மேற்கே மட்டும் ஒரு மூங்கில் தட்டியோ கொடிப் பந்தலோ வையுங்கள். சென்னை போன்ற கிழக்குக் கடற்கரை ஊர்களில் பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும்; அந்தப் பக்கத்தை அடைக்க வேண்டாம்.

தகரக் கூரை வேண்டவே வேண்டாம். சித்திரையில் தகிக்கும், ஐப்பசி மழையில் எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழாது. கீற்று குளுமைதான், ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தீபாவளி ராக்கெட்டுக்கும் பயப்பட வேண்டும். என் ஓட்டு நாட்டு ஓட்டுக்கு. எதுவானாலும் இறவாரம், அதாவது கூரையின் வெளி ஓரம், இரண்டரை அடியாவது வெளியே நீளட்டும். ஒரு அடியோடு நிறுத்தினால் சாரல் நடு மண்டபம் வரை வந்துவிடும். மரத்தூணை மண்ணில் நேராக நட்டால் கரையானுக்குத்தான் விருந்து. கல் பீடத்தின் மேல் நிறுத்துங்கள்.

பத்து நாற்காலி வாங்கிப் போடாதீர்கள். ஆளில்லாத நாளில் கல்யாணம் முடிந்த சத்திரம் மாதிரி இருக்கும். ஓரமாக ஒன்றரை அடி உயரத்தில், இரண்டு அடி அகலத்தில் திண்ணை கட்டினால் கூட்டத்துக்கும் ஆகும், தனியாக இருக்கும்போது தூணில் சாய்ந்து காலையும் நீட்டலாம். விளக்கு, மங்கலான மஞ்சளாக ஒன்றிரண்டு போதும். வெள்ளை டியூப்லைட் போட்டால் பூச்சிகளோடுதான் சாப்பிட வேண்டும். அல்லித் தொட்டி வைப்பதாக இருந்தால் நாலு கப்பி மீன் விடுங்கள், கொசுப்புழுவைத் தின்றுவிடும்.

தென்னைக்கு அடியில் கட்டக் கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.