ஃபெரெட்டோடு பழகுவது எப்படி: புதிதாக வளர்ப்பவர்களுக்குப் படிப்படியாக

ஃபெரெட் என்ற சின்ன வளர்ப்பு விலங்கை வாங்கிய புதிதில் ஏறக்குறைய எல்லாரும் கேட்பது, "ஏன் இப்படிக் கடிக்கிறது?" என்றுதான். பதில் தெரிவதற்கு முன்பே அதைக் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே இங்கிலாந்தில் அப்படி வந்து சேர்ந்த ஃபெரெட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. கொஞ்சம் பொறுமையாகப் பழக்கியிருந்தால் அவற்றில் பலவும் இந்நேரம் யாராவது ஒருவர் மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் கூண்டு, சாப்பாடு, மருத்துவம் எல்லாவற்றையும் சொன்னாலும், பழக்குவதைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதியிருக்கிறேன்.

ஃபெரெட் பார்ப்பதற்குக் கீரி மாதிரி இருக்கும், ஆனால் அதன் குடும்பம் நீர்நாயின் குடும்பம். ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து மனிதர்கள் பழக்கி எடுத்தது. முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே விரட்டுவதற்காக ஏறக்குறைய 2000 ஆண்டுகளாக வளர்த்து வருகிறார்கள். பொந்தைக் கண்டால் நுழைவது, அசைவதைக் கவ்வுவது, கிடைத்ததை இழுத்துக்கொண்டுபோய் ஒளித்து வைப்பது எல்லாம் அதற்குப் பிறவிக் குணம். ஆண் 1 முதல் 2 கிலோ வரை இருக்கும், பெண் ஏறக்குறைய அதில் பாதி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 5 முதல் 8 ஆண்டுகள் உங்களோடு இருக்கும்.

வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் தடை இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலும் ஹவாயிலும், ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்திலும் வளர்க்கக் கூடாது. வெயிலும் முக்கியம். ஃபெரெட்டுக்கு வியர்த்து உடம்பைக் குளிர்விக்கத் தெரியாது. 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணறும், 30க்கு மேல் உயிருக்கே ஆபத்து. சென்னையில் இருந்துகொண்டு ஆசைப்படுகிறவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

1. வீட்டைத் தயார் செய்யுங்கள்

இரண்டு மூன்று தட்டுள்ள பெரிய கம்பிக் கூண்டு வேண்டும். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும் என்பதால் கம்பி இடைவெளி 2.5 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, குட்டி என்றால் இன்னும் நெருக்கமாக வேண்டும். உள்ளே தொங்கவிட ஒரு துணி ஊஞ்சல், சுருண்டுகொள்ள இரண்டு பழைய போர்வைகள். கூண்டு தூங்குவதற்குத்தான். தினமும் குறைந்தது 4 மணி நேரமாவது வெளியே ஓடியாட விட வேண்டும்.

அந்த 4 மணி நேரத்துக்காக வீட்டைத் தரையில் படுத்துப் பாருங்கள். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சந்து, ஃப்ரிட்ஜின் அடிப்பகுதி, குழாய் போகும் ஓட்டை எல்லாவற்றையும் அடையுங்கள். சாயும் நாற்காலி இருந்தால் அந்த அறையை மூடியே வையுங்கள், உள்ளே புகுந்த ஃபெரெட் நசுங்கிச் செத்துப்போவது நிஜமாகவே நடக்கிறது. வாஷிங் மெஷினைப் போடும் முன் துணிக்குள் கைவிட்டுப் பாருங்கள். ரப்பர் செருப்பு, பென்சில் அழிப்பான், காதில் செருகும் பஞ்சு, ரிமோட்டின் பட்டன் என மெத்தென்று இருப்பது எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. கடித்து விழுங்கினால் குடலில் போய் அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போய்விடும்.

மலம் கழிக்க ஃபெரெட் மூலையைத் தேடிப் பின்பக்கமாக நகர்ந்து போகும். அந்த மூலையிலேயே தட்டை வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணல் வேண்டாம், காகித உருண்டைகள் போதும்.

2. முதல் சில நாட்கள்: வாசனை மட்டும்

ஃபெரெட்டுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. மூக்குதான் எல்லாம். நீங்கள் ஒருநாள் முழுக்கப் போட்டிருந்த, துவைக்காத டி-ஷர்ட் ஒன்றை அதன் படுக்கையில் போடுங்கள். உங்கள் வாசனையோடு தூங்கி எழட்டும். உறவினர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதை எல்லாம் தள்ளிப்போடுங்கள்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பயந்துபோவீர்கள். ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். சில சமயம் தூக்கினாலும் துவண்டு தொங்கும் அளவுக்கு ஆழ்ந்த தூக்கம். மூச்சு வருகிறதா, உடம்பு கதகதப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மூக்குக்கு அருகே ஏதாவது மணமான தின்பண்டத்தைக் காட்டினால் மெல்ல எழுந்துவிடும். எழவே இல்லை, உடம்பும் சில்லென்று இருக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

3. தரையில் உட்காருங்கள்

பழக்குவதில் பெரும்பகுதி இதுதான். குளியலறை போலச் சின்னதாக, ஒளிய இடமில்லாத ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். கதவைச் சாத்திவிட்டு, தரையில் காலை நீட்டி உட்காருங்கள். ஃபெரெட்டை விட்டுவிடுங்கள். கையை நீட்டிக் கூப்பிடாதீர்கள், துரத்தாதீர்கள். ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு போனாலும் சரி.

முதலில் சுவரோரமாக முகர்ந்துகொண்டே ஒரு சுற்று வரும். அப்புறம் உங்கள் பாதம், பிறகு முழங்கால். ஒருமுறை மேலே ஏறி இறங்கி ஓடும். திரும்பி வரும்போது பேன்ட்டின் கால் வழியாக உள்ளே நுழையப் பார்க்கும். அசையாமல் இருங்கள். நீங்கள் ஆபத்தில்லாதவர் என்பதை அது தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் நேரம் அது. தினமும் ஒரே நேரத்தில், முடிந்தால் அது சுறுசுறுப்பாக இருக்கும் விடியற்காலையிலோ அந்தியிலோ இதைச் செய்யுங்கள்.

ஒருநாள் திடீரென்று முதுகை வளைத்து, வாயைத் திறந்து, பக்கவாட்டில் குதித்துக் குதித்து ஆடும். சுவரில் மோதும், விழும், மறுபடி குதிக்கும். தொண்டையிலிருந்து கொக் கொக் என்று ஒரு சத்தம் வரும். வலிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், அது மகிழ்ச்சி, விளையாட வரச் சொல்லும் அழைப்பு. நீங்களும் முட்டிபோட்டுக் கொஞ்சம் துள்ளுங்கள், பழக்கம் அங்கேயே ஒருபடி ஏறிவிடும். சீறல் வந்தால் கோபமோ பயமோ என்று எடுத்துக்கொண்டு விலகிக்கொள்ளுங்கள். வால் முடி மட்டும் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி சிலிர்த்தால் உற்சாகமாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

4. தூக்குவது

மேலிருந்து பாய்ந்து பிடிக்காதீர்கள், பருந்து அப்படித்தான் வரும். பக்கத்திலிருந்து கையைக் கொண்டுபோய், ஒரு கையை முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் கீழும், இன்னொன்றை இடுப்புக்கு அடியிலும் கொடுங்கள். அதன் முதுகெலும்பு நீளமானது, பின்பகுதி தொங்கக் கூடாது. முதல்நாள் சில நொடிகள் போதும். நெளிய ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு சின்னத் துண்டு இறைச்சியைக் கொடுத்து இறக்கிவிடுங்கள்.

5. கடிக்கும்போது

குட்டிகள் ஒன்றையொன்று கழுத்தில் கவ்வித்தான் விளையாடும். அவற்றின் தோல் தடிமன், வலிக்காது. உங்கள் தோலும் அப்படித்தான் என்று நினைக்கிறது, அவ்வளவுதான். அடிக்காதீர்கள், மூக்கில் சுண்டாதீர்கள். அடி வாங்கிய ஃபெரெட் கையைப் பார்த்தாலே கடிக்கும், பிறகு அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும்.

பல்லைக் கையில் வைத்ததும் விளையாட்டை நிறுத்துங்கள். அழுத்தமாக "வேண்டாம்" என்று ஒரே சொல், கூடவே ஒரு பொம்மையை வாயில் கொடுங்கள். மறுபடியும் கடித்தால் இரண்டு மூன்று நிமிடம் ஒரு தனிப் பெட்டியில் விடுங்கள். கூண்டைத் தண்டனை இடமாக ஆக்காதீர்கள். விடாமல் கவ்விக்கொண்டால் கையை இழுக்காமல், பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கி, பின்பகுதியை மறு கையால் தாங்குங்கள். தாய் குட்டியைத் தூக்கும் இடம் அது. உடம்பு தளரும், பெரும்பாலும் கொட்டாவிவிடும், பிடியும் விட்டுப்போகும். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அப்பா கையைக் கடிக்கவிட்டுச் சிரித்தால் அம்மா சொல்லும் "வேண்டாம்" அதற்குப் புரியாது. சின்னக் குழந்தைகளோடு ஒருபோதும் தனியாக விடாதீர்கள்.

6. சாப்பாடு

இறைச்சி மட்டும். சாப்பிட்டது 3, 4 மணி நேரத்தில் வெளியே வந்துவிடும், தானியத்தையும் காயையும் செரிக்கும் அமைப்பே அதன் குடலில் இல்லை. ஃபெரெட்டுக்கென்றே விற்கும் உலர் தீவனத்தில் விலங்குப் புரதம் 35 சதவீதத்துக்குக் குறையாமல், கொழுப்பு 15 முதல் 20 சதவீதம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிண்ணம் எப்போதும் நிரம்பியே இருக்கட்டும். பச்சைக் கோழி, முட்டை சிறிது பழக்கலாம், அதுவும் குட்டியாக இருக்கும்போதே. 6 மாதம் தாண்டிவிட்டால் புது வாசனையைச் சாப்பாடாகவே அது மதிக்காது. தயிர்சாதம் பிசைந்து ஊட்டிப் பழகிய கை சும்மா இருக்காது, தெரியும். இருந்தாலும் சோறு, பால், பழம், பிஸ்கட் எதுவும் வேண்டாம். சாக்லெட்டும் உலர்திராட்சையும் விஷம்.

7. நகம், காது, குளியல்

வயிற்றில் ஒரு சொட்டு சால்மன் எண்ணெயைத் தடவி, மடியில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். அது தலையைக் குனிந்து நக்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் நகத்தை வெட்டிக்கொண்டு போகலாம். இளஞ்சிவப்பாகத் தெரியும் ரத்த நாளத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். காதில் செம்பழுப்பு அழுக்கு இருப்பது இயல்பு, கரிய நிறமாக இருந்து சொறிந்துகொண்டும் இருந்தால் காதுப்பூச்சி இருக்கலாம்.

வாடை வருகிறதென்று அடிக்கடி குளிப்பாட்டாதீர்கள். தோல் காய்ந்ததும் எண்ணெய் இன்னும் அதிகமாகச் சுரந்து வாடை கூடும். போர்வையையும் ஊஞ்சலையும் வாராவாரம் துவைத்தாலே பாதி குறையும்.

8. மருத்துவர்

ஃபெரெட் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரை வாங்குவதற்கு முன்பே தேடி வையுங்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் ஃபெரெட்டுக்கு வந்தால் பிழைப்பது அபூர்வம், தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெண் ஃபெரெட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இணை சேராமல் அதன் சினைப்பருவம் தானாக முடியாது. மாதக்கணக்கில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறிக்கொண்டே போய் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். இளம் பெண் ஃபெரெட்டுகள் இதனாலேயே செத்துப்போகின்றன. கருத்தடை அறுவை செய்தால் பின்னாளில் சிறுநீரகத்துக்கு அருகே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் நோய் வரலாம் என்பதால் இங்கே பல மருத்துவர்கள் தோலுக்கடியில் ஹார்மோன் இம்பிளான்ட் (மெல்ல மருந்தை வெளிவிடும் சின்னக் குச்சி) வைக்கச் சொல்கிறார்கள். சினைப்பருவம் தொடங்குவது வசந்தத்தில்தான், அதனால் முதல் வசந்தம் வருவதற்கு முன்பே பேசி முடிவெடுத்துவிடுங்கள்.

3, 4 வயதுக்கு மேல் வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பது, பின்னங்கால் தள்ளாடுவது, வாயைக் கையால் பறண்டுவது தெரிந்தால் கணையக் கட்டியால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மயங்கிக் கிடந்தால் ஈறில் கொஞ்சம் தேனைத் தடவிக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள்.

கடைசியாக, உங்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தால் அதற்கும் ஒட்டும். 1933இல் லண்டனில் மனிதரின் ஃப்ளூ வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளின் மூலம்தான். காய்ச்சல் விடும்வரை சாப்பாடு வைப்பதையும் கொஞ்சுவதையும் வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். தனியாக இருப்பவர் என்றால் முகக்கவசம் போட்டு, கையைச் சோப்பால் கழுவிவிட்டுக் கூண்டைத் திறங்கள்.